மறு: ‘அரேஞ்ச்மென்ட்’: கருவிபெயர்ப்பா, வழியிசையா?

குழுவினருக்கு வணக்கம்.

இசையில் ‘அரேஞ்ச்மென்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வியைப் போன வாரம் கிளப்பியவன் நான்தான். வேலூரில் ஒரு பள்ளி பேண்டுக்குச் சனி, ஞாயிறுகளில் நோட்டு எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டு விழாவில் வீடியோ கேம் இசையை நடந்தபடியே வாசித்து, மைதானத்தில் உருவமும் போட்டுக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக பேண்டு 2012 அக்டோபரில் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் செய்த நிகழ்ச்சியைப் பார்த்ததன் விளைவு இது. அதில் பேண்டே ஒரு குதிரையாகி மைதானத்தில் ஓடும். அவர்களிடம் பித்தளைக் கருவிகளும் டிரம்மும்தான். எங்களிடம் பாதிக்கு மேல் கிளாரினெட். அப்படியே எடுத்து வாசிக்க வழியில்லை, புதிதாக எழுத வேண்டும். அந்த ‘எழுதுவதற்கு’ என்ன பெயர் என்பதுதான் சிக்கல். நீங்கள் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘இசையமைப்பு’ என்றே விட்டுவிடலாமே?

விட முடியாது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோவுக்கு இசையமைத்தவர் கோஜி கோண்டோ. நான் அதை நாற்பது பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறவன். இரண்டு பேரும் இசையமைப்பாளர் என்றால் அவருக்கு அநியாயம், எனக்குக் கூச்சம்.

> ‘ஒழுங்கமைப்பு’, ‘பகிர்மானம்’

முதலாவதைக் கேட்டால் பந்தலில் நாற்காலி போடுவதுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டாவதைக் கேட்டால் கரண்ட் பில்.

> ‘கருவிபெயர்ப்பு’, மொழிபெயர்ப்பு மாதிரி.

இதில் மயங்கித்தான் போனேன். அடிபெயர்த்து நடந்துகொண்டே வாசிக்கிறவர்களுக்குப் பொருத்தமும்கூட. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

நாமெல்லாம் கேசட் போட்டு ஆடிய அந்தக் கால டிவி கேமின் சில்லில் (சிப்) மொத்தம் ஐந்து ஒலித்தடங்கள்தான். இரண்டு துடிப்பலை, ஒரு முக்கோண அலை, ஒரு வெறும் இரைச்சல், மீதி ஒன்று பதிவுசெய்த துணுக்கு ஒலிகளுக்கு. மெட்டு துடிப்பலையில் போகும், அடித்தளச் சுரம் முக்கோணத்தில், தாளம் இரைச்சலில். ஆகவே மெட்டைக் கிளாரினெட்டுக்கும், முக்கோணத்தை யூஃபோனியம் என்ற தாழ்ந்த குரல் பித்தளைக் குழலுக்கும், இரைச்சலைச் சைடு டிரம்முக்கும் கொடுத்தேன். டிரம்பெட் எழுதியதைவிடத் தாழ்வாக ஒலிக்கும் என்பதால் அதற்கு ஒரு முழுச் சுரம் ஏற்றி எழுதினேன். கருவிபெயர்ப்பு முடிந்தது. ஒத்திகையில் பத்தாவது அடியிலேயே எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. சில்லுக்கு நுரையீரல் கிடையாது; எங்கும் நிறுத்தாமல் ஓடும். நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில், அரசனில்லாக் கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள் (சாமி 1981-இல் திரும்பி வந்துவிட்டார், அது வேறு கதை). அந்த வரிசையில் மூச்சில்லாக் குழலையும் நான் சேர்க்கப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். மெட்டை இரண்டு அணியாகப் பிரித்தேன், ஓர் அணி மூச்சிழுக்கும்போது மற்றது வாசிக்கும். மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கத் தடம் போதாத இடங்களில், ஒரே தடத்தில் மூன்றையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலித்து அந்தக் காலத்தில் காதை ஏமாற்றினார்கள். எங்களுக்கு அந்த ஏமாற்று வேலை தேவையில்லை. மூன்று டிரம்பெட் இருக்கிறது, ஆளுக்கொரு சுரத்தை நிறுத்திப் பிடித்தால் போதும். விளையாட்டில் இசை முடிவதே இல்லை, தலைக்குத் திரும்பி ஓடிக்கொண்டே இருக்கும். நிகழ்ச்சிக்கோ எட்டு நிமிடத்தில் ஒரு முடிவு வேண்டும், அதை நானே எழுத வேண்டியிருந்தது. விளையாட்டில் மீதி நேரம் 100-க்குக் கீழே இறங்கினால் மாரியோவின் இசை வேகமெடுக்கும் அல்லவா, அதை ஆசையாக வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். நிமிடத்துக்கு 120 அடி என்று பழகிய கால்கள் அதற்கு ஓடத்தான் வேண்டும்.

இத்தனையும் சேர்ந்ததுதான் அரேஞ்ச்மென்ட். ‘பெயர்ப்பு’ அதில் ஒரு பங்கு.

தொல்காப்பிய மரபியல் வழிநூலை, அதாவது ஒரு முதல்நூலைப் பின்பற்றி எழுதும் நூலை, நான்காக வகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட (நெறிப்பட) யாத்தல். பல மணி நேர விளையாட்டின் இசையை எட்டு நிமிடமாக்கினால் தொகுத்தல். ஐந்து தடத்தை நாற்பது பேருக்கு ஆக்கினால் விரித்தல். இரண்டையும் செய்ததால் தொகைவிரி. சில்லின் மொழியைக் குழலின் மொழிக்குக் கொண்டுவந்தது நான்காவது. முதல்நூல், வழிநூல் என்று நமக்கு இருக்கும்போது முதலிசை, வழியிசை என்று ஏன் சொல்லக் கூடாது? யாத்தல் என்றாலே கட்டுதல்தான். மெட்டுக் கட்டுவது போல வழியிசை கட்டுவது. கட்டுகிறவர் வழியிசைஞர்.

*

> முதலிசை, வழியிசை

சொல் நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் ‘வழியிசை’ என்றால் ஊர்வலத்தில் வழிநெடுக வாசிப்பது என்று நினைக்க மாட்டார்களா? இன்னொன்று, உங்கள் ஊர் பேண்டு மாஸ்டர்கள் ‘நோட்டு’ என்று சொல்கிறார்கள் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாமே. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு பேண்டு மெட்டுகளை எடுத்துச் சங்கராபரணத்தில் பாடல்களாக்கியபோது ‘நோட்டு’சுரம் என்ற பெயர்தானே நிலைத்தது?

*

நோட்டு என்பது எழுதி வைத்த தாள் அம்மா. பக்கத்து ஊர் பேண்டிடம் கடன் வாங்கிய தாளும் எங்களுக்கு நோட்டுதான். அதைக் கட்டும் வேலைக்கு அந்தச் சொல் எட்டாது. தீட்சிதரை நினைவூட்டியதற்கு நன்றி. அவை வழியிசைக்கு நல்ல உதாரணம், பேண்டிலிருந்து நம் பக்கம் வந்தவை. நாங்கள் அதே பாதையில் எதிர்த்திசையில் போகிறோம்.

வழிநெடுக வாசிப்பது என்று யாராவது நினைத்துக்கொண்டால், நடந்துகொண்டே வாசிக்கிற எங்களுக்கு அதில் ஒன்றும் நஷ்டமில்லை. உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு இடறினால் சொல்லுங்கள், பேசுவோம். ‘கருவிபெயர்ப்பு’ வீணாக வேண்டாம். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் கருவியை மட்டும் மாற்றுவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம், அதற்கும் நம்மிடம் சொல் இல்லை.

சரி, தலைக்குத் திரும்பி ஓடிக்கொண்டே இருக்கும் அந்த ‘லூப்’புக்குத் தனி இழை தொடங்குகிறேன். தயவுசெய்து யாரும் ‘சுழற்சி’ என்று ஆரம்பிக்காதீர்கள்.