[கலைச்சொல்] படகு பேட்டரி: 'டீப் சைக்கிள்' தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அலைவாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் கண்ணாடியிழை வள்ளம் வைத்திருப்பவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 'படகுக்கு எந்த பேட்டரி?' என்ற இயலில் இரண்டு சொல் உதைக்கிறது. ஒன்று, எஞ்சினைக் கிளப்ப மட்டும் வைக்கும் பேட்டரி. மற்றது, விளக்கு, ஜி.பி.எஸ்., கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் விடிய விடியக் கரண்ட் கொடுக்கும் 'டீப் சைக்கிள்'. இதற்கு 'ஆழ்சுழற்சி மின்கலம்' என்று போட்டு வகுப்பில் வாசித்துக் காட்டினேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "சுழி இருக்கிற பக்கம் நாம ஏம்மா போறோம்?" என்று கேட்டுவிட்டார். உதவுங்கள்.

யாப்பு எழுதியது:

அம்மையீர், சொல்லில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆழ்கடல், ஆழ்துளை போல ஆழ்சுழற்சியும் வினைத்தொகை. சிலர் 'ஆழ்ச்சுழற்சி' என்று ஒற்று மிகுத்து எழுதுகிறார்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

என் கவலை பின்பாதியைப் பற்றியது. கலம் என்றால் பாண்டம். கலம் என்றால் கப்பலும்கூட. மரக்கலம் என்கிறோம் அல்லவா? படகைப் பற்றிய நூலில் 'மின்கலம்' என்று எழுதினால் மின்சாரத்தில் ஓடும் கப்பல் என்று ஒருவர் பொருள்கொள்ள முழு உரிமை உண்டு. 'மின்கலன்' என்று எழுதித் தப்பலாம் என்பாரும் உளர். தப்ப முடியாது. நிலம் நிலன் ஆவதுபோல் கலம் கலன் ஆனது வெறும் இறுதிப்போலி. நன்னூல் படித்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

தவிர, 12 வோல்ட் பெட்டிக்குள் இருப்பவை ஆறு கலங்கள், கலத்துக்கு ஏறத்தாழ 2 வோல்ட். ஆறையும் சேர்த்து 'கலம்' என்று ஒருமையில் சொல்வது எப்படிச் சரியாகும்? 'மின்கலவடுக்கு' என்பதே சரி. வோல்ட்டா 1800இல் அறிவித்த கருவியே உலோக வட்டுகளின் அடுக்குதான். 'பேட்டரி' என்ற ஆங்கிலப் பெயர் பீரங்கி வரிசையிலிருந்து வந்தது. பெஞ்சமின் ஃபிராங்ளின், மின்னேற்றத்தைச் சேமிக்கும் லெய்டன் சாடிகளின் தொகுதிக்கு இட்ட பெயர் அது. பீரங்கியைவிட அடுக்கு பொருத்தம்.

கலம் என்றதும் நினைவுக்கு வருகிறது: கலங்கரை விளக்கம் என்பதில் 'கரை' கடற்கரை அன்று, கரைதல், அதாவது அழைத்தல். காக்கை கரைவதும் அதே வினைதான். மரக்கலத்திலிருந்தே மரைக்காயர் என்ற பெயரும் வந்தது என்பர். அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஐயா, கலங்கரை விளக்கம் வரைக்கும் போயிட்டீங்க, கொஞ்சம் கரைக்கு வாங்க. பொருள் என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பேரு தானா வரும்.

செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. மூணு செகண்ட்ல எஞ்சின் பிடிச்சிரும். கணக்குப் போட்டா கால் ஆம்பியர்-மணிதான் செலவு. அதுக்காக உள்ளே மெல்லிசு தகடா நிறைய அடுக்கியிருப்பான். பரப்பு கூட, அதனால ஒரே மூச்சுல கொட்டும். எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் ஆல்டர்னேட்டர் அந்தக் கால் ஆம்பியர்-மணியைத் திருப்பிப் போட்டுரும். அதே பேட்டரில ராத்திரி பூரா லைட்டு எரிச்சா மெல்லிசு தகட்டுல இருக்கிற மருந்து உதிர்ந்து அடியில சேறா நிக்கும். கொஞ்ச நாள்ல கதை முடிஞ்சிரும்.

இன்னொண்ணு தடிச்ச தகடு. 4 ஆம்பியர் லோடு, 10 மணி நேரம், ஆக 40 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரில பாதிக்குக் கீழே இறக்கக் கூடாதுன்னு வச்சா 80 வேணும், கடையில 100 வாங்கணும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்னா 80 சதம் வரைக்கும் தாராளமா இறக்கலாம், 50 போதும். எடையும் பாதிக்குக் கீழே. விலையைக் கேட்டா உக்காந்துருவீங்க, அது வேற. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற, படகுக்கு வெளியே மாட்டுற அவுட்போர்டு எஞ்சினுக்கு முதல் வகை பேட்டரியே வேண்டாம், அதையும் கையேட்டுல எழுதுங்கம்மா.

ஆக ஒண்ணு கிளப்புறதுக்கு. மத்தது தங்குறதுக்கு. தங்குகடல் போறவங்களுக்கு, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறவங்களுக்கு, இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். 'தங்கு பேட்டரி'ன்னு வைங்க.

செந்நெல் எழுதியது:

தங்கு நல்ல சொல். பேட்டரி எதற்கு? மிதிவண்டி, பேருந்து எல்லாம் வந்த புதிதில் சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்று பேருந்து நிலையம் என்று சொல்லாத ஊர் எது? அச்சில் நாம் போடாத சொல் வாயில் எப்படி வரும்?

வடமராட்சியான் எழுதியது:

எங்கட பக்கம் பற்றரி எண்டுதான் எழுதுறது, கதைக்கிறதும் அப்பிடித்தான். பேட்டரி எண்டு அடிச்ச புத்தகம் இங்க வந்தால் ஆக்கள் விளங்கிக்கொள்ளுவினம், ஆனால் அந்நியமாத்தான் இருக்கும். இரண்டு கரைக்கும் ஒரு சொல் வேணுமெண்டால் யாப்பு ஐயா சொன்ன மின்கலவடுக்கை நான் ஆதரிக்கிறன். தங்குகடல் எண்ட சொல் எங்களிட்ட புழக்கத்தில இல்லை. 'பலநாள் கலம்' எண்டுவம். கலம் பிறகும் வந்திட்டுது, மன்னிக்கோணும்!

மின்னோட்டம் எழுதியது:

பொறியாளனாக ஒரு தடை. 'தங்கு பேட்டரி' என்றால் எனக்குத் தோன்றுவது நேர் எதிர்ப்பொருள். தொலைபேசி நிலையத்திலும் யு.பி.எஸ்ஸிலும் ஒரு வகை இருக்கிறது: எப்போதும் நிறைந்தபடி, மின்சாரம் போகும் நாளுக்காகக் காத்துக் கிடக்கும். தங்கியிருப்பது அதுதான். டீப் சைக்கிள் தினமும் ஆழமாக இறங்கி, தினமும் ஏறும். நிறைவில் 12.7 வோல்ட், பாதியில் ஏறத்தாழ 12.2, மறுபடி 14.4 கொடுத்து ஏற்றம். இந்த ஏறி இறங்கும் தன்மை சொல்லில் வர வேண்டாமா? 'ஏற்றிறக்க மின்கலம்' அல்லது 'தாங்கு மின்கலம்' என்பேன்.

இன்னொரு ஐயம். கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஆதித்யா என்ற சூரியமின் படகு ஓடுகிறது. அதில் 50 கிலோவாட்-மணி லித்தியம் அடுக்குதான் படகையே நகர்த்துகிறது. அதை என்னவென்று சொல்வோம்? அதுவும் தங்குமா?

யாப்பு எழுதியது:

தங்கு தன்வினை, தாங்கு செயப்படுபொருள் குன்றா வினை. இரண்டும் ஒரே வேர் என்றே கருதுகிறேன். தூங்கு, தொங்கு ஆகியவற்றையும் ஒப்பிடுக. ஆனால் 'தாங்கி' ஏற்கெனவே பேரிங்குக்குப் போய்விட்டது. படகின் சுழல்தண்டிலும் அது இருக்கிறது. ஒரே கையேட்டில் இரண்டு தாங்கலா?

ஆதித்யாவுக்கு 'உந்து மின்கலவடுக்கு'. அதில் சிக்கல் இல்லை. கலமே கலத்தைச் செலுத்துகிறது என்பது அழகாகவும் இருக்கிறது.

பட்டறைக்காரன் எழுதியது:

அழகு சரி. தயவுசெஞ்சு யாரும் இந்தத் தங்கு பேட்டரிக்கு இங்கிலீஷ்காரன் சொல்ற 'ஹவுஸ் பேட்டரி'யைப் பாத்து 'வீட்டு மின்கலம்'னு போட்டுராதீங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கிற டியூபுலர் பேட்டரியைக் கழட்டிப் படகுல வச்சிருவாங்க. அதுவும் ஆழ இறங்கித் தாங்குற சாதிதான், இல்லைங்கலை. ஆனா உயரமானது, உள்ளே ஆசிட் தண்ணியா கிடக்கும். அலையில படகு சாஞ்சா மூடி வழியா தெறிக்கும். கடல் தண்ணி உள்ளே போனா இன்னும் மோசம், ஆசிட்டும் உப்பும் சேர்ந்து குளோரின் வரும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேற. அதனாலதான் ஆசிட்டைக் கண்ணாடியிழை மெத்தையில உறிஞ்சி வச்சிருக்கிற, மூடின ஏ.ஜி.எம். வகையை வைன்னு சொல்றது. எதை வச்சாலும் உயரத்துல, காத்தோட்டமா, பெல்ட் போட்டுக் கட்டி வைக்கணும். கையேட்டுல பேரை விட இந்தப் பத்தி பெரிய எழுத்துல வரட்டும்.

அலைவாய் எழுதியது:

அண்ணா, அந்தப் பத்தியைக் கட்டம் கட்டிப் போட்டுவிட்டேன். இதற்கிடையில் இன்னொன்று மாட்டியது. பேட்டரி மேல் 'சி.சி.ஏ.' என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் 30 வினாடி எத்தனை ஆம்பியர் தரும் என்பதுதான் அது. 'குளிர்நிலைக் கிளப்புத் திறன்' என்று எழுதினேன். எங்கள் கடற்கரையில் மைனஸ் 18 என்று சொன்னால் ஐஸ் கட்டும் ஆள்கூட நம்ப மாட்டார்.

மின்னோட்டம் எழுதியது:

படகுக்காரர்களுக்கு எம்.சி.ஏ. என்று தனி எண் உண்டு. அது 0 டிகிரியில். ஒரே பேட்டரிக்கு இரண்டாவது எண் பெரிதாக இருக்கும். ஒரு கடையில் ஒன்றையும் அடுத்த கடையில் மற்றதையும் பார்த்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். 'குளிர்' என்ற சொல்லை விட்டுவிடலாம். 'கிளப்புத் திறன்' போதும்.

யாப்பு எழுதியது:

அளவீட்டின் பெயரில் அளவிட்ட நிலையையே விடுவதா? இது மொழிபெயர்ப்பு அன்று, கைவிடல்.

செந்நெல் எழுதியது:

கிளப்பு என்பது கொஞ்சம் கொச்சை. 'தொடக்கி' என்னலாமே.

பட்டறைக்காரன் எழுதியது:

வண்டியைக் கிளப்புன்னு எங்க அப்பத்தா சொல்லும். அதுல என்ன கொச்சை?

அலைவாய் எழுதியது:

நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும், அதனால் முடிவெடுத்துவிட்டேன். நேற்று வகுப்பில் எல்லாச் சொல்லையும் கரும்பலகையில் எழுதி, "கடையில் போய் எதைக் கேட்பீர்கள்?" என்று கேட்டேன். கிளப்பு பேட்டரிக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். மற்றதற்குத் தங்கு பேட்டரிக்கே கை அதிகம் உயர்ந்தது. ஏற்றிறக்கத்துக்கு ஒருவர்தான், அவர் ஐ.டி.ஐ. படித்தவர். மின்கலவடுக்கை ஓர் அம்மா "மீன் அடுக்கா?" என்று கேட்டார், ஐஸ் பெட்டியில் அடுக்குவதை நினைத்துவிட்டார் போல. ஆகவே நூலின் உள்ளே கிளப்பு பேட்டரி, தங்கு பேட்டரி. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் மின்கலவடுக்கு, பற்றரி இரண்டும். இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்யும் வகைக்கு 'இருபணி பேட்டரி'. யாரும் மறுக்காததால் அதுவும் அப்படியே போகிறது. மின்னோட்டம் ஐயா சொன்ன காத்திருப்பு வகை மீன்பிடி வள்ளத்தில் இல்லை என்பதால் இந்தப் புத்தகத்துக்குள் குழப்பம் வராது.

மின்னோட்டம் எழுதியது:

இந்தப் புத்தகத்துக்குள் வராது. அடுத்த புத்தகம் மீன்பிடித் துறைமுகத்தின் யு.பி.எஸ். பற்றி வந்தால்? என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

பின்னிணைப்பில எங்களுக்கும் ஒரு கதிரை போட்டதுக்கு நன்றி தங்கச்சி.

யாப்பு எழுதியது:

நூல் அச்சேறுமுன் ஒன்று. 'லித்தியம்' என்று எழுதியிருக்கிறீர்கள். லகரம் மொழிக்கு முதலில் வாராது. 'இலித்தியம்' என்றே வர வேண்டும்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஐயா, அப்போ 'லைட்டு'?