நாய்க்கு இன்சுலின் ஊசி: அளவைக் கூட்டியும் சர்க்கரை குறையவில்லை

கேள்வி: தண்டையார்பேட்டைவாசி

வணக்கம். எங்கள் வீட்டு நாட்டு நாய் ஜூலிக்கு ஒன்பது வயது, எடை 14 கிலோ. ஓயாமல் தண்ணீர் குடிப்பதும், இரவில் மூன்று முறை கதவைப் பிராண்டிச் சிறுநீர் கழிக்க வெளியே போவதும், வயிறாரச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வருவதுமாக இருந்ததால் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். சர்க்கரை நோய் என்று உறுதியாயிற்று. காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் உணவு கொடுத்துவிட்டு இன்சுலின் போடுகிறோம். ஆறு யூனிட்டில் தொடங்கிய மருத்துவர், சர்க்கரை இறங்காததால் எட்டாகவும், சென்ற வாரம் பத்தாகவும் உயர்த்தினார். அப்படியும் 400-க்குக் கீழே வரவில்லை.

கழுத்தின் மேல்புறத் தோலைத் தூக்கிப் பிடித்துத்தான் குத்துகிறேன். சில நாள்களில் ஊசியை எடுத்த பிறகு முடி ஈரமாக இருக்கிறது. மருந்து உள்ளே போகவில்லை என்று மறுபடியும் போடலாமா? இன்சுலின், கலங்கலாக இருக்கும் வகை. பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்சைத் தெருமுனை மருந்துக்கடையில் வாங்குகிறோம்.

பதில் 1: பெரம்பூர் ராணி

சகோதரி, மறுபடியும் மட்டும் போட்டுவிடாதீர்கள். முடி நனைந்திருந்தால் ஊசி தோல் மடிப்பின் மறுபக்கம் வழியாக வெளியே வந்திருக்கக்கூடும். ஆனால் எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு உள்ளே தங்கியது என்பதை நம்மால் அளக்க இயலாது. ஒரு வேளை மருந்து குறைந்தால் சர்க்கரை சற்று ஏறியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு போய்விட்டால் நாய் உயிருக்கே ஆபத்து. அடுத்த வேளைக்கு வழக்கமான அளவையே போடுங்கள்.

கழுத்தை விட விலாப்புறம் நல்லது. கழுத்துத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு; ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தினால் அது தடித்துப்போய் மருந்தை ஒழுங்காக உறிஞ்சாது. இன்று இடது விலா, நாளை வலது விலா என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான் என் நாய்க்கு உள்ளங்கை அகலத்திற்கு முடியைக் கத்தரித்துவிட்டேன். அதன் பிறகு ஊசி எங்கே நுழைகிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது.

பதில் 2: பழைய மருந்துக்கடைக்காரர், வண்ணாரப்பேட்டை

அம்மா, ஊசி போடும் இடத்தைப் பிறகு பார்ப்போம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஆரஞ்சு மூடிதான் என்னை உறுத்துகிறது. நம் ஊரில் சிவப்பு மூடி சிரிஞ்சு, மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு உரியது. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு உரியது. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.1 மில்லி. உங்கள் பாட்டில் மருந்தில் அந்த 0.1 மில்லிக்குள் இருப்பது 4 யூனிட்தான். ஆகவே மருத்துவர் பத்து யூனிட் போகிறது என்று நம்பிக்கொண்டிருக்க, ஜூலிக்குக் கிடைத்தது நான்கு. தொடக்கத்தில் ஆறு என்று எண்ணிப் போட்டபோது கிடைத்தது 2.4.

இதைப் படித்தவுடன் சிவப்பு மூடி சிரிஞ்சு வாங்கி அதில் பத்து வரை இழுத்துவிடாதீர்கள். அது இன்றைய அளவைப் போல் ஒரேயடியாக இரண்டரை மடங்கு ஆகிவிடும். அந்தப் பத்து என்பதே தவறான கணக்கின் மேல் ஏறி வந்த எண். பாட்டிலையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டி, அளவை அவரையே புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். கடையில் கேட்டுக் கொடுத்திருக்க வேண்டும்; ஆனால் ‘இன்சுலின் சிரிஞ்சு ஒன்று’ என்று கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்து நீட்டும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

கலங்கல் இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்டிய பிறகே இழுக்க வேண்டும். பாட்டிலைக் குளிர்பெட்டியின் கதவுப் பக்கத்தில் வைக்கலாம், உறைபெட்டியில் கூடாது. 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினை முதலில் சோதித்தது கணையம் நீக்கப்பட்ட நாய்களிடம்தான். அந்த வகையில் ஜூலியின் இனத்துக்கு நாம்தான் கடன்பட்டிருக்கிறோம்.

பதில் 3: பெரம்பூர் ராணி

ஐயா சொன்னதைக் கேட்டுத் திகைத்துப்போனேன். எனக்கு அது தோன்றவே இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சரியான அளவு போகத் தொடங்கிய பிறகு தளர்ச்சி, தள்ளாட்டம், நடுக்கம் தென்பட்டால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது என்று பொருள். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவைப் போடாமல், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலிக்குக் கருத்தடை செய்தாயிற்றா? செய்யாத பெண் நாய்க்குப் பருவம் வந்து போன பிறகு சுரக்கும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது.

தண்டையார்பேட்டைவாசி

இருவருக்கும் நன்றி. சிரிஞ்சைப் பார்த்ததும் மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சிவப்பு மூடி சிரிஞ்சில் மறுபடியும் ஆறு யூனிட்டிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து நாள் முழுவதும் வைத்திருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்ப்பார்களாம். கருத்தடை செய்யவில்லை. சர்க்கரை சற்றுக் கட்டுக்குள் வந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதைச் செய்துகொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதற்கிடையில் வேறொன்றும் வெளிப்பட்டது. மாலையில் என் மாமனார் அவளை டீக்கடைக்கு அழைத்துச் சென்று, நாள்தோறும் இரண்டு பொறை வாங்கிப் போட்டிருக்கிறார். கேட்டால், ‘ஊசி குத்திக்கொள்ளும் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்’ என்கிறார். அவருக்கும் சர்க்கரை உண்டு. அந்தக் கடையில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.