'படிதல்' வேண்டாம், 'நேருறைதல்' என்போம்

அன்பு நண்பர்களுக்கு,

ஒரு வாயு திரவமாகாமல் நேரே திண்மமாவதைக் குறிக்க 'படிதல்' என்ற சொல்லே போதும் என்று நம் கலைச்சொல் உரையாடல் இழையில் மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்வோம்.

ஆற்றில் வண்டல் படிகிறது, அலமாரியில் தூசி படிகிறது, பாத்திரத்தின் அடியில் கரி படிகிறது. காற்றில் மிதந்தபோதும் தூசி திண்மம்தான், பலகையில் உட்கார்ந்த பிறகும் திண்மம்தான். நாம் பெயர் தேடுவதோ ஒரு நிலைமாற்றத்துக்கு, அதுவும் ஏராளமான வெப்பம் வெளியேறும் நிலைமாற்றத்துக்கு. 0 டிகிரி செல்சியசில் ஒரு கிலோ நீராவி நீரானால் ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வெளியேறும். அந்த நீர் பனிக்கட்டியானால் இன்னொரு 334. ஆவி நேரே பனிக்கட்டியானால் இரண்டும் சேர்ந்து சுமார் 2,834. எந்த வழியில் போனாலும் தொகை மாறாது. இதையும் தூசி படிவதையும் ஒரே சொல்லால் அழைத்தால், 'அந்த வெப்பம் எங்கே போயிற்று' என்று கேட்கவே பிள்ளைகளுக்குத் தோன்றாது.

அடுத்தது 'எதிர்ப்பதங்கமாதல்'. திண்மம் நேரே வாயுவாவதைப் பதங்கமாதல் என்கிறோம், அதற்கு எதிர் என்பதால் இப்படி ஒரு சொல். இதில் வேறொரு சிக்கல். பதங்கம் என்பது சித்த மருத்துவத்தில் ஒரு மருந்து வகையின் பெயர். சாம்பிராணிப் பதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டியில் சாம்பிராணியை இட்டு, இன்னொரு சட்டியை மேலே கவிழ்த்து, இரண்டும் சேரும் வாயைச் சீலைமண்ணால், அதாவது மண் பூசிய துணியால், அடைத்து எரிப்பார்கள். ஆறிய பிறகு மேல்சட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டி எடுத்த அந்தப் பொருளுக்குத்தான் பதங்கம் என்று பெயர். மேலே போய் ஒட்டிக்கொண்டதையே மருத்துவர்கள் பதங்கம் என்று அழைத்திருக்கும்போது, ஒட்டிக்கொள்வதை 'எதிர்' என்று சொல்வது தலைகீழாகிவிடும். பாடநூல்களில் ஊறிப்போன பதங்கமாதலை அசைக்க வேண்டாம். ஆனால் அதன் முதுகில் இன்னொரு சொல்லை ஏற்றவும் வேண்டாம்.

என் பரிந்துரை: நேருறைதல். உறைதல் என்றதுமே குளிர்ந்து கெட்டியாவது மனதில் வந்துவிடுகிறது. இடையில் திரவம் இல்லை என்பதை 'நேர்' சொல்லிவிடுகிறது.

'ஆவியுறைதல்' நல்ல சொல்தான், அதைச் சொன்னவருக்கு நன்றி. நானும் இரண்டு நாள் அதன் பக்கமே இருந்தேன். மனம் மாறியது ஊட்டி உறைபனியை நினைத்துப் பார்த்தபோது. சனவரி விடியலில், வெயில் ஏறுவதற்கு முன், புல்தரையில் குனிந்து பார்த்தால் இரண்டு வகை தெரியும். சில இதழ்களில் கண்ணாடி மணி போலத் தெளிவான உருண்டைகள் இருக்கும். அவை முதலில் பனித்துளியாகி, இரவு இன்னும் குளிர்ந்தபின் இறுகியவை. வேறு சில இதழ்களின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று இறகு இறகாய், ஊசி ஊசியாய் நிற்கும். தொட்டால் பொடிந்துவிடும். அவைதான் ஆவியிலிருந்து நேரே வந்தவை. 'ஆவியுறைதல்' என்றால் இரண்டையுமே அப்படி அழைக்கலாம், இரண்டுக்கும் மூலம் ஆவிதானே. 'நேருறைதல்' அந்த வெள்ளை ஊசிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

'நேருறைதலின் உள்ளுறை வெப்பம்' என்னும்போது 'உறை' இரண்டு முறை வந்து குழப்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். குழப்பாது என்றே நினைக்கிறேன். உள்ளுறையில் வரும் உறை 'தங்குதல்'. தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமத்தில் இருக்கும் அதே சொல். மேலே தெரியாமல் உள்ளே தங்கியிருக்கும் பொருளுக்கு அங்கே ஆண்ட சொல்லை, வெப்பமானியில் தெரியாமல் உள்ளே தங்கியிருக்கும் வெப்பத்துக்கு இங்கே ஆண்டிருக்கிறார்கள். எவ்வளவு அழகான தேர்வு! ஈழத்தின் 'மறைவெப்பம்' சுருக்கமானது, அதுவும் நிற்கட்டும்.

கணினிச் சில்லுத் தொழிலில் ஆவியிலிருந்து மென்படலம் பூசுகிறார்களே, அதற்குப் 'படிவு' இருக்கட்டும். அங்கே பல நேரம் வேதிவினையும் சேர்ந்து நடக்கிறது, அதை உறைதல் என்பது சரியாகாது.

ஒன்று மட்டும்: 'நேருறைதல்' என்பதைச் சேர்த்தே எழுதுவோம். 'நேர் உறைதல்' என்று பிரித்தால் கலைச்சொல் விளக்கமாகிவிடும். அகராதிப் பதிவில் நேருறை, நேருறைவு, நேருறை வெப்பம் ஆகிய மூன்றையும் அதன் கீழேயே சேர்த்துவிடலாமா?