பங்காளிக குரூப்: நின்ன ஆளோட அக்கவுண்ட்

சுதா: செந்திலண்ணா, பனியன் கம்பெனி டெபியன் லினக்ஸ் சர்வர்ல ஒருத்தரு வேலைய உட்டு நின்னுட்டாருங்க. சரக்கு வாங்கற பையருங்க மெயிலெல்லாம் இன்னும் அவரு பேருக்கே வருது. அக்கவுண்ட அழிக்கற யூசர்டெல் மைனஸ் ஆர் கமாண்ட போட்டறலாமுங்களா?

செந்தில்: போட்றாத அம்மிணி! ஹோம் ஃபோல்டரோட அவரு மெயில் பெட்டியும் சேர்ந்து போயிரும். அப்புறம் வர்ற மெயிலெல்லாம் 550, யூசர் அன்னோன்னு (அப்படி ஆளே இல்லைன்னு) அனுப்புனவங்களுக்கே திரும்பீரும். ஆர்டர் நேரத்துல அது ஆகாது.

சுதா: அப்ப யூசர்மாட் மைனஸ் பெரிய எல் போட்டு பூட்டிட்டா போதுமுங்களா?

பிரபு: பத்தாதுங்க்கா. பாஸ்வேர்டெல்லாம் இருக்கற ஷேடோ ஃபைல்ல, அவரு பாஸ்வேர்டு ஹேஷுக்கு (மறைச்சு எழுதுன வடிவத்துக்கு) முன்னால ஒரு ஆச்சரியக்குறி ஏறும், அம்புட்டுத்தான். பாஸ்வேர்டு இல்லாமயே வெளிய இருந்து உள்ள வர்ற எஸ்எஸ்ஹெச் சாவி வெச்சிருந்தா அப்பவும் உள்ள வந்துருவாரு. கூடவே சேஜ் மைனஸ் பெரிய ஈ, 0, அவரு பேருன்னு போடுங்க. அக்கவுண்டே காலாவதியாயிரும்.

செந்தில்: அதுக்கு முன்னால கிரான்டாப் மைனஸ் யூ, அவரு பேரு, மைனஸ் எல். நேரத்துக்குத் தானா ஓடற வேலைக பட்டியல் வரும். பேக்கப் ஏதாச்சும் அவரு பேருல ஓடுதான்னு பாரு. காலாவதியாக்குனா அதுவும் சத்தமில்லாம நின்னுரும்.

சுதா: சரிங்ணா. மெயிலு?

செந்தில்: மெயில் சாஃப்ட்வேர் போஸ்ட்ஃபிக்ஸ் தானே? ஈடிசி ஃபோல்டர்ல ஏலியாசஸ் ஃபைல தொற, யாரு மெயில் யாருக்குப் போகோணும்னு அதுலதான் எழுதறது. அவரு பேரு, கோலன், உன்ற பேரு. ஒரே வரி.

சுதா: போட்டுட்டேனுங்க. டெஸ்ட் மெயில் பழைய பெட்டிக்கே போகுதே?

பிரபு: நியூஏலியாசஸ் கமாண்ட் ஓட்டுனீங்களா? நீங்க எழுதுன ஃபைல போஸ்ட்ஃபிக்ஸ் நேரா படிக்காதுங்க்கா. பக்கத்துல ஏலியாசஸ்.டிபின்னு ஒண்ணு இருக்கும், அதத்தான் படிக்கும். அந்தக் கமாண்ட் ஓட்டுனாத்தான் அது புதுசாகும்.

சுதா: ஓட்டுனதும் வந்திருச்சு 🙏 டிஸ்பேட்ச் குரூப்புல என்னையச் சேர்க்கோணுமுங்களே?

செந்தில்: யூசர்மாட் மைனஸ் சின்ன ஏ, பெரிய ஜி. அந்தச் சின்ன ஏ-வ மறந்தியோ, அட்மின் அதிகாரம் தர்ற சூடோ உள்பட மத்த குரூப்புல இருந்தெல்லாம் உன்னையத் தூக்கிரும். லாகவுட் பண்ணி மறுபடி வந்து ஐடின்னு அடிச்சுப் பாரு.

பிரபு: பின்னால அழிச்சாலும் ஃபைண்ட் மைனஸ் நோயூசர் போட்டு, சொந்தக்காரரு இல்லாம நிக்கற மிச்ச ஃபைல வேற பேருக்கு மாத்திருங்க்கா. இல்லாட்டி ஃபைல் பட்டியல் காட்டற எல்எஸ் மைனஸ் எல்-ல பேருக்குப் பதிலா 1004-ன்னு அவரு யூசர் நம்பர் மட்டும் நிக்கும். கடைசி நம்பர் அவருதா இருந்தா, அடுத்து சேர்ற ஆளுக்கு அதே 1004 விழும். பழைய ஃபைலெல்லாம் புது ஆள் சொத்தாயிரும்.

சுதா: அப்ப இப்போதிக்கு அழிக்கலீங்க. பூட்டி, காலாவதி மட்டும் பண்ணிக்கறேன்.