எஞ்சின் பிளாக்கில் முறிந்த மேனிஃபோல்டு ஸ்டட்டும் அதன் வழியே கசியும் நீரும்

கேள்வி:

வணக்கம். என்னிடம் வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று உள்ளது. வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டில் அமைந்த வகை என்பதால், மேனிஃபோல்டும் (வாயுக்கள் செல்லும் குழாய்த் தொகுதி) எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் அல்லாமல் பிளாக்கிலேயே ஸ்டட்டுகளால் (இரு முனையிலும் மரை கொண்ட, தலையில்லாத போல்ட்டுகள்) பிடிக்கப்பட்டிருக்கிறது. கேஸ்கட் மாற்றுவதற்காக நட்டுகளைக் கழற்றியபோது இரண்டு ஸ்டட்டுகள் முறிந்துவிட்டன. ஒன்று நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மற்றது பிளாக்கின் முகத்தோடு சமமாக ஒடிந்துவிட்டது. அந்த இரண்டாவது ஸ்டட்டைச் சுற்றி, மரையின் விளிம்பில் செம்பழுப்பு நிற நீர் துளியாக அரும்புகிறது. துணியால் துடைத்தாலும் சில நிமிடங்களில் மீண்டும் சேர்ந்துவிடுகிறது. பிளாக்கில் விரிசல் விழுந்துவிட்டதா? எஞ்சினை இறக்காமலே இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1:

விரிசல் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இவ்வகைப் பழைய பிளாக்குகள் சிலவற்றில் ஸ்டட்டுத் துளைகள் பிளாக்கின் சுவரைத் துளைத்து வாட்டர் ஜாக்கெட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் உள்ளறை) வரை சென்றுவிடும். அங்கே நீரைத் தடுத்து நிறுத்துவது மரையும் அதில் பூசப்பட்ட பசையும் மட்டுமே. பசை காய்ந்து உதிர்ந்த பிறகு நீர் மரைக்குள் இறங்கி, ஸ்டட்டை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குகிறது. ஆகவே உங்கள் ஸ்டட்டு முறிந்ததும் நீர் கசிவதும் இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும், அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் காயவைத்து, ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்த அளவுக்கு மட்டும் காற்றழுத்தம் கொடுத்துப் பாருங்கள். மரையின் வட்டத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால் ஸ்டட்டுதான் காரணம். துளையிலிருந்து முடி போன்ற ஒரு கோடு விலகிச் சென்று அதில் ஈரம் தெரிந்தால் மட்டுமே விரிசலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்து, குளிர்விக்கும் நீரான கூலண்டை முழுவதும் வடித்துவிடுங்கள். துளைக்குப் பின்னால் நீர் நின்றால் நீங்கள் கொடுக்கும் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், துரு இளகாது. நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள்ளேயே வெல்டிங் செய்யுங்கள். நட்டு நமக்குப் பிடி கொடுக்கிறது என்பது பாதிப் பயன்தான். ஸ்டட்டு சூடேறி விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடியை உடைக்கிறது என்பதே பெரிய பயன். செந்நிறம் மறைந்த பிறகு, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மரையில் மெழுகைத் தொட்டு உருகவிட்டு, ஸ்பேனரால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். ஒரே திசையில் வலுவாகத் திருகினால் இன்னும் ஆழத்தில் முறியும். சூடான வார்ப்பிரும்பின் மீது தண்ணீர் ஊற்றவே கூடாது. இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் நச்சு வாயு உண்டாகும்.

பதில் 2:

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். சமமாக ஒடிந்த ஸ்டட்டிலும் முதலில் வெல்டிங்கை முயலலாம். வாஷர் ஒன்றை வைத்து அதன் நடுவே உலோகத்தைச் சேர்த்து உயர்த்தி, பிறகு நட்டைப் பற்றவைக்க வேண்டும். அது பலிக்காவிட்டால் துளையிடுவதுதான் வழி. துளைக்குள் செருகி இடப்பக்கம் திருகி முறிந்த ஸ்டட்டை எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை இங்கே பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது, பிறகு பிளாக்கை இறக்கியே ஆக வேண்டும்.

துளை நடுவிலிருந்து விலகாமல் இருக்க மேனிஃபோல்டையே துணைக்குக் கொள்ளலாம். மீதமுள்ள ஸ்டட்டுகளில் அதைப் பொருத்தி, முறிந்த ஸ்டட்டுக்குரிய துளையில் இறுக்கமான எஃகு புஷ் (சிறு குழாய்) ஒன்றைச் செருகினால், டிரில் பிட் நேராக இறங்கும். மூன்று மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்துங்கள். இடப்பக்கம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால், துளையிடும்போதே ஸ்டட்டு தானாகக் கழன்று வருவதும் உண்டு. எம் 8 மரை என்றால் 6.8 மில்லிமீட்டரோடு நிறுத்திவிட்டு, மரை வெட்டும் டேப்பு போட வேண்டும். எம் 10-க்கு 8.5.

மரையே தேய்ந்துபோயிருந்தால், நீர் நிற்கும் துளையில் சுருள் கம்பி வகை இன்சர்ட்டைவிட (தேய்ந்த மரைக்குப் பதிலாகத் துளையில் பொருத்தும் புது மரை) முழுக் குழாய் வடிவ இன்சர்ட்டே நல்லது. சுருளின் வெளிப்புறமாகவும் நீர் வழி தேடிக்கொள்ளும்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அழுத்தம் கொடுத்துப் பார்த்ததில் மரையின் வட்டத்தில் மட்டுமே ஈரம் தெரிந்தது. முதல் ஸ்டட்டு இரண்டாம் முறை நட்டைப் பற்றவைத்தபோது கிறீச்சென்ற ஒலியோடு அசைந்தது. அதன் உள்முனை பென்சிலைச் சீவியதுபோல் மெலிந்திருந்தது. மற்றதைத் துளையிட்டு எடுத்துவிட்டேன், மரை நன்றாகவே இருக்கிறது. புதிய ஸ்டட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும்?

பதில் 1:

மரையில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, கூலண்டையும் சூட்டையும் தாங்கும் மரைப் பசையைச் சுற்றிலும் பூசி, ஸ்டட்டைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் உட்கார வையுங்கள். இறுக்கம் நட்டில் இருந்தால் போதும். பசை இறுகக் குறிப்பிட்ட நேரம் முழுவதும் காத்திருந்து, அதன் பிறகே கூலண்டை நிரப்புங்கள். அதற்கு முன் துளையிட்டபோது உள்ளே விழுந்த இரும்புச் சீவல் போகும்வரை ஜாக்கெட்டை அலசிவிட வேண்டும். மேனிஃபோல்டின் முகத்தில் நேர்விளிம்பை வைத்து வளைவு உள்ளதா என்று பாருங்கள், ஏனெனில் வளைந்த மேனிஃபோல்டு புதிய ஸ்டட்டையும் இழுத்து முறிக்கும். பித்தளை நட்டுகளைப் போட்டால் அடுத்த முறை துருப்பிடித்து ஒட்டியிருக்காது. நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி இறுக்கி, எஞ்சின் ஒரு முறை நன்றாகச் சூடாகி முழுவதும் ஆறிய பின் மறுபடியும் ஒரு சுற்று இறுக்கம் பாருங்கள்.