2000 கிலோ இழுக்கும் என்கிறது கையேடு. 1300 கிலோ ட்ரெய்லரே வாலாட்டுகிறது, ஏன்?

தோணிக்காரன்:
வணக்கம். என் வண்டி டீசல் எஸ்யூவி, மேனுவல் கியர். கையேட்டில் இழுவைத் திறன் என்று இரண்டு எண்கள்: பிரேக் உள்ள ட்ரெய்லர் 2000 கிலோ, பிரேக் இல்லாதது 750 கிலோ. நான் இழுப்பது படகு ட்ரெய்லர், பிரேக் உண்டு. படகு 850, வெளி மோட்டார் 120, ட்ரெய்லர் 330, ஆக 1300. இன்னும் 700 கிலோ இடம் இருக்கிறதே என்ற தைரியம்தான். ஆனால் ஐந்து பேர் ஏறி டிக்கியும் நிரம்பிவிட்டால், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ட்ரெய்லர் பக்கவாட்டில் அலைகிறது. இறக்கத்தில் இன்னும் மோசம். ஏற்றத்தில் எஞ்சின் திணறவே இல்லை. கோளாறு எங்கே?

டர்போ_தம்பி:
ஸ்டெபிலைசர் ஒன்று மாட்டுங்க ப்ரோ, முடிஞ்சது. டார்க் இவ்வளவு இருக்கிற வண்டி 2500 கூட அசால்ட்டா இழுக்கும்.

பழைய_பட்டறை:
தம்பி, இழுத்துவிடும், யார் இல்லையென்றது? நிறுத்தணுமே. அந்த எண்ணை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. பிரேக், கியர்பாக்ஸ் சூடு, கிளட்ச், டோ பார் (ட்ரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம்) பூட்டியிருக்கும் சேஸிஸ், பின் அச்சு எல்லாம் சேர்ந்துதான். ஐரோப்பிய விதியில் முழு பாரத்தோடு 12 சதவீத ஏற்றத்தில் 5 நிமிடத்துக்குள் 5 தடவை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும். அதில் தேறினாலும், நெடுஞ்சாலையில் அலையாமல் போகும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

ஸ்டெபிலைசர் ஆட்டத்தைக் குறைக்கும். பாரம் தப்பாக ஏறியிருந்தால் அதைச் சரி செய்யாது. கடைசியாகப் பார்க்க வேண்டியது அது.

தோணிக்காரரே, கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு தகடு இருக்கும். அதிலிருக்கும் எண்களைப் போடுங்கள். படகின் 850 விற்பனைத் தாளில் உள்ளதா? அப்படியானால் அது பெரும்பாலும் வெறும் படகின் எடை. பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், கயிறு எதுவும் அதில் சேராது. எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். ட்ரெய்லரின் மூக்கு எடையையும் தனியாக அளந்து சொல்லுங்கள்.

தோணிக்காரன்:
மூக்கு எடை என்றால்?

பழைய_பட்டறை:
டோ பாரின் நுனியில் இருக்கும் உருண்டைதான் டோ பால்; அதன் மேல் ட்ரெய்லர் செங்குத்தாக அழுத்தும் எடை. ட்ரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். குளியலறை எடைக்கருவி மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, டோ பாலில் மாட்டும் கப்ளிங்கை அதன் மேல் இறக்குங்கள். வண்டியில் மாட்டினால் என்ன உயரத்தில் நிற்குமோ அதே உயரம் இருக்கணும். ட்ரெய்லரின் மூக்கிலுள்ள சின்ன முன்சக்கரம் தரையைத் தொடக்கூடாது. முள் காட்டுவதுதான் மூக்கு எடை.

தோணிக்காரன்:
பார்த்தாயிற்று அண்ணா. தகட்டில்: வண்டியின் மொத்த எடை வரம்பு 2400, வண்டி–ட்ரெய்லர் கூட்டு வரம்பு 3900. கையேட்டில் காலி எடை, ஓட்டுநரையும் சேர்த்து, 1850. டோ பாலுக்கு 80 கிலோ வரம்பு.
எடை மேடையில், கழற்றிவிட்டுத் தனித்தனியாக: ஆட்கள், சாமானோடு வண்டி 2360, ட்ரெய்லர் 1470. மூக்கு எடை 45.

பழைய_பட்டறை:
இப்போது எல்லாம் தெரிகிறது. 3900-இல் 2400 போனால் மீதி 1500. அதாவது வண்டி நிரம்பியிருக்கும்போது உங்கள் இழுவைத் திறன் 2000 அல்ல, 1500தான். 2000 இழுக்க வேண்டுமென்றால் வண்டி 1900-க்குள் நிற்கணும். காலி எடையே 1850, ஆக உங்களைத் தவிர ஒல்லியாக ஒருத்தர் ஏறலாம், அவருடைய பை ஏறக்கூடாது! விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இந்த 2000தான். எனக்கு அதில் ரொம்ப நாளாகவே எரிச்சல்.

உங்கள் கூட்டு எடை 3830. அந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். அலைவதற்குக் காரணம் அந்த 45. 1470-க்கு அது 3 சதவீதம்தான். மோட்டார் பின்னால் தொங்குவதால் மூக்கு லேசாகிவிட்டது. பின்பாரம் அதிகமான ட்ரெய்லர் சின்ன அசைவையும் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

நெடுவழி_ராணி:
10 முதல் 15 சதவீதம் வேண்டும் என்றல்லவா எங்கும் எழுதியிருக்கிறார்கள்?

பழைய_பட்டறை:
அது வட அமெரிக்க வழக்கம் அம்மா. அங்கே டோ பாரும் வண்டியும் அந்தக் கணக்குக்கே செய்யப்பட்டவை. இவருக்கு 10 சதவீதம் வைத்தால் 147; டோ பால் தாங்குவதோ 80. அதனால் 80-ஐத் தாண்டாமல், அதை ஒட்டி வைப்பதுதான் வழி.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். மாட்டியதும் மூக்கு எடை வண்டியின் கணக்கில் ஏறிவிடும். 2360-உடன் 80 சேர்ந்தால் 2440. வரம்பு 2400.

தோணிக்காரன்:
டிக்கியிலிருந்து 60 கிலோவைப் படகுக்கு மாற்றிவிட்டால்? ஆனால் ட்ரெய்லர் தகட்டில் அதன் மொத்த வரம்பு 1500 என்று இருக்கிறது. மாற்றினால் 1530 ஆகிவிடுமே.

இரும்புக்கொக்கி:
படகின் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது? எவ்வளவு கொள்ளும்?

தோணிக்காரன்:
பின்பக்கம், மோட்டாரை ஒட்டி. 60 லிட்டர். எடை போட்டபோது முழுதாக இருந்தது.

இரும்புக்கொக்கி:
அப்போ காலி டேங்க்கோடு கிளம்புங்கள், போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்ளலாம். 60 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 45 கிலோ. ட்ரெய்லர் 1425-க்கு இறங்கும், 60 ஏற்றினால் 1485. பின்னாலிருந்து 45 போவதே மூக்குக்கு நல்லது. ஏற்றும் சாமானை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக் கட்டுங்கள், நகரக்கூடாது. பிறகு எடைக்கருவியில் மறுபடி பார்த்து, 75–80 வரும்வரை முன்பின் தள்ளுங்கள். டோ பாரிலும் ஒரு தகடு இருக்கும், அதன் வரம்பையும் பாருங்கள். வண்டி, பார், ட்ரெய்லர், டயர் இவற்றில் எது குறைவோ அதுதான் செல்லும்.

தோணிக்காரன்:
செய்தேன். மூக்கு 78, வண்டி தனியாக 2300, மாட்டினால் 2378. அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன், 80-இல் நேராக வருகிறது. எதிரே லாரி கடந்தபோது மட்டும் லேசாக ஒரு அசைவு, உடனே அடங்கிவிட்டது.

பழைய_பட்டறை:
லாரிக் காற்றுக்கு அவ்வளவு இருக்கத்தான் செய்யும். எப்போதாவது அலைய ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள், பிரேக்கையும் ஓங்கி மிதிக்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்னொன்று, முழு பாரத்துக்குப் பின் டயரில் காற்று கூடுதலாக வேண்டும். கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் அதற்கென்று தனி எண் இருக்கும். ட்ரெய்லர் டயரின் தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

தோணிக்காரன்:
2411 என்று இருக்கிறது.

பழைய_பட்டறை:
2011! அடுத்த தடவை மாட்டுவதற்கு முன்னால் அதை மாற்றுங்கள்.