கும்மி வீடியோவுக்கு 50 மெகாபிட் வேணுமா?

கோபி எடிட்டர்:
பெருந்துறைப் பக்கம் கோயில் நோம்பியில எடுத்த வள்ளி கும்மிங்க, 40 நிமிசம், 1080பி. கேமரால பதிவானதே எச்.264ல (வீடியோவச் சுருக்கி வெக்கற ஒரு முறை) செகண்டுக்கு 28 மெகாபிட்டுதான். அதைய எடிட் முடிச்சு 50ல எக்ஸ்போர்ட் பண்ணோணும்னு ஸ்டுடியோக்காரங்க சொல்றாங்க. 15 ஜிபி வருதுங்க. கேமரா விட்டுப்போட்ட டீட்டெயில் எக்ஸ்போர்ட்ல எங்கிருந்து வரும்? அதுக்கடுத்து வந்த எச்.265ல 12 வெச்சாவே போதும்ங்கறேன்.

காங்கேயம் ஸ்டுடியோ:
புதுசா வராதுதான் தம்பி, இருக்கறது போயிரக்கூடாதில்ல. கலர் மாத்தி டைட்டில் போட்டு மறுக்கா என்கோடு பண்றப்ப, அதாவது சுருக்கி எழுதறப்ப, கொஞ்சம் அடிபடத்தான் செய்யும். கம்ப்ரெஸ்ஸன்னா முந்தின ஃப்ரேமுக்கும் இதுக்கும் என்ன மாறுச்சோ அதைய மட்டும் எழுதி வெக்கறதுதானே, செவுரு முன்னால ஒருத்தர் உக்காந்து பேசுனா எழுதறதுக்கு ஒண்ணுமில்ல, ஆனா கும்மியில அத்தன பேரும் ஒரே தாளத்துல குதிச்சுத் திரும்பறாங்க, சீலை பார்டர் ஆடுது, காலடியில புழுதி கெளம்புது, ஃப்ரேம் முழுக்க மாறிக்கிட்டே இருக்குது. பிட்ரேட் (செகண்டுக்கு எழுதற டேட்டா அளவு) பத்தலீனா மொதல்ல புழுதிதான் கட்டங் கட்டமா ஒடையும்.

கோபி எடிட்டர்:
அதனாலதானுங்ணா எச்.265ங்கறேன். கிட்டத்தட்ட பாதி பிட்ரேட்ல அதே தரம் நிக்கும், 12ன்னா எச்.264ல 24 மாதிரி. டூ பாஸ் விபிஆர் (வீடியோவ ரெண்டு தடவ ஓட்டிப் பிட்ரேட்ட மாத்தி மாத்திக் குடுக்கறது) வெச்சா ஆட்டம் உள்ள எடத்துக்கு எச்சாக் குடுத்து சும்மா நிக்கற எடத்துல கொறச்சுக்கும். 40 நிமிசத்துக்கு 3.6 ஜிபி. பென்டிரைவ் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாதுங்க, உங்க 15 ஜிபிய எப்படிக் குடுப்பீங்க?

காங்கேயம் ஸ்டுடியோ:
எச்.265 வந்ததே 2013ல. நம்மூர் வீடுகள்ல அதுக்கு முந்தின டிவி இன்னும் ஓடுது, பென்டிரைவச் சொருகுனா சத்தம் மட்டும் வரும், இல்லீனா ஃபைலே காட்டாது. எச்.264தான் எங்க போட்டாலும் ஓடும்.

பொள்ளாச்சி கேமரா:
ரெண்டு பேரும் ஒரே ஃபைல்ல எல்லாத்தையும் அடக்கப் பாக்கறீங்க. மாஸ்டர், அதாவது மூலக் காப்பி, எச்.264ல 50லயே ஹார்டுடிஸ்க்ல கெடக்கட்டும், நாளைக்கு வெட்டி ஒட்ட அதான் வேணும். வீட்டுக்காரங்களுக்கு அதுல இருந்தே எச்.264ல 20, ரெண்டு பாகமாப் பிரிச்சா ஒண்ணொண்ணும் 3 ஜிபிதான். வாட்ஸ்அப்ல சின்னத் துண்டு ஏதாச்சும் அனுப்புனாலும் வீடியோவா அனுப்பாதீங்க, அது மறுக்கா நசுக்கிப்போடும், டாக்குமென்டா அனுப்போணும்.

காங்கேயம் ஸ்டுடியோ:
மாஸ்டருக்கு 50ன்னா எனக்குச் சரி. 12க்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

கோபி எடிட்டர்:
புழுதி கெளம்பற எடமா 20 செகண்ட் வெட்டி, எச்.265ல 12ம் எச்.264ல 50ம் நைட்டு ஏத்தறனுங்க. ஃபோன்ல பாக்காம பெரிய டிவில போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்ணா.